240 லிட்டர் எங்கே போனது?

என் மாமா குரல் உடைந்து பேசி நான் கேட்டது பாட்டி இறந்த அன்றுதான். அதற்குப் பிறகு போன மாதம். "இருபத்திரண்டு வருஷமா லோரி ஓட்டுறேம்மா. இப்போ திருடன்னு பேரு."

கிள்ளானிலிருந்து ஈப்போ, பட்டர்வொர்த் என்று சரக்கு ஏற்றிப் போகிறவர். மாதக் கடைசியில் கம்பெனி கிராணி கணக்குப் பார்த்திருக்கிறார். மீட்டரில் ஓடியது 5,280 கிலோமீட்டர். ஊற்றிய டீசல் 2,000 லிட்டர். அந்த லோரி வழக்கமாக லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடும். அப்படிப் பார்த்தால் 1,760 லிட்டர் போதும். மீதி 240 லிட்டர் எங்கே? டீசலை உறிஞ்சி விற்பது நம் நாட்டில் நடக்காத கதையில்லை. முதலாளிக்கு அதுதான் முதலில் தோன்றியது.

அதே வாரம் சம்மன் ஒன்றும் வந்தது. லோரியின் பின்னால் 80 என்று வட்டம் ஒட்டியிருக்கிறது. காமிராவில் பதிவானதோ 91. "சத்தியமா மீட்டர் 80ஐத் தாண்டலம்மா" என்றார். வானொலியில் தினமும் 'வேகத்தைக் கவனித்து ஓட்டுங்கள்' என்று சொல்கிறவள் நான். அப்போதுதான் கேட்டேன், "மாமா, எந்த மீட்டரை?"

பழைய வேகமானி செத்துப்போய், மாதத் தொடக்கத்தில் வேறொரு லோரியிலிருந்து கழற்றிய மீட்டரை மாட்டியிருந்தார்கள். முள் ஆடியது, விளக்கு எரிந்தது. அதோடு யாரும் அதைப் பார்க்கவில்லை.

கனரக லோரியில் மீட்டர் நேராக வேகத்தை அளப்பதில்லை. கியர்பாக்ஸின் பின்பக்கத் தண்டு சுற்றச் சுற்ற, அங்கே உள்ள சென்சார் மின்துடிப்புகளை அனுப்பும். இத்தனை துடிப்பு வந்தால் ஒரு கிலோமீட்டர் என்று மீட்டருக்குள் ஓர் எண் பதித்திருக்கும். அந்த எண் லோரிக்கு லோரி மாறும். பின் அச்சின் பல் விகிதம் வேறு, டயரின் சுற்றளவு வேறு. மாற்று மீட்டரில் இருந்தது அதன் பழைய லோரியின் எண்.

ஞாயிற்றுக்கிழமை, முதலாளியிடம் சொல்லிவிட்டு, மாமாவோடு லோரியில் ஏறினேன். (அந்தப் படியில் ஏறுவதே ஒரு தேகப்பயிற்சி!) கூடவே சீனர் ஒருவர், மாமாவுக்குப் பழக்கமான ஃபோர்மேன். கிளம்புமுன் டயர்களில் காற்றைச் சரிபார்த்தார், டயர் எப்போது மாற்றியது என்று விசாரித்தார். டயர் 12 மில்லிமீட்டர் தேய்ந்தாலே கணக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் நகர்ந்துவிடுமாம்.

நெடுஞ்சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளை நான் எண்ணினேன். இருபதாவது பலகை வந்தபோது மீட்டர் காட்டிய தூரம் 17.6. மாமா ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது கைப்பேசியில் ஜி.பி.எஸ். போட்டு, ஒரே சீராக ஓட்டச் சொன்னோம். மீட்டரில் 70; கைப்பேசியில் 79, 80.

பட்டறையில் மீட்டரைக் கழற்றினால் முதுகில் 8000 என்று சீட்டு. ஃபோர்மேன் அட்டைப்பெட்டிக் கிழிசலில் எழுதினார்: 17.6ஐ 20ஆல் வகுத்தால் 0.88. அதை 8000ஆல் பெருக்கினால் 7040. மீட்டரின் பின்னால் வரிசையாக இருந்த குட்டி சுவிட்சுகளைத் திருகாணிமுனையால் மேலும் கீழும் தள்ளி 7040 வைத்தார். பத்து நிமிட வேலை. மறுபடி அதே சாலை, அதே பலகைகள். இந்த முறை 20.0.

வேகமானி கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். 80இல் ஓடும்போது 92 வரை காட்டினாலும் ஐ.நா.வின் 39ஆம் வாகன விதி ஒப்புக்கொள்கிறது. உண்மை வேகத்துக்குக் கீழே மட்டும் காட்டவே கூடாது. மாமாவின் மீட்டர் செய்தது அதைத்தான். பாரமேற்றிய லோரி, முன்னால் ஒரு கார் திடீரென்று பிரேக் அடித்தால் அந்த 11 கிலோமீட்டர் என்ன செய்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது. அரசாங்கச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான். மீட்டர் மாற்றியதோ போன சோதனைக்குப் பிறகு.

திங்கட்கிழமை மாமா அந்த அட்டைக் கிழிசலை முதலாளி மேசையில் வைத்தார். 5,280ஐ 0.88ஆல் வகுத்தால் 6,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 3 வீதம் 2,000 லிட்டர். கிராணி இரண்டு தடவை கால்குலேட்டரைத் தட்டினாராம். முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. "டீ குடிச்சிட்டுப் போ" என்றாராம். அதுவே மன்னிப்பு என்கிறார் மாமா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சம்மனைக் கட்டித்தான் ஆக வேண்டும். வேகம் உண்மையில் 91தானே.

நேற்று மாமா கூப்பிட்டார். "லோரி இப்போ இழுக்கவே மாட்டேங்குதும்மா, பட்டர்வொர்த் போய்ச் சேர அரை மணி கூடுதலாகுது. ஏன் லேட்டுன்னு முதலாளி கேக்கிறாரு."