ஒத்திகையும் உழைப்பே

ஒரு மணி நேரம் மேடையில் நிகழும் நவீன நடனப் படைப்புக்குப் பின்னால் பல மாத ஒத்திகை இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சன்மானம் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கான ஒத்திகைக்குச் சல்லிக்காசு தராமல் விடுவதுதான் நம் ஊர் வழக்கம். கேட்டால் கலையை விலைபேசுகிறார் என்ற பேச்சு வரும் என்பதால் கலைஞர்களும் வாய் திறப்பதில்லை. இந்த வழக்கம் முடிவுக்கு வர வேண்டும். ஒத்திகை உழைப்பு. உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்ற நடனங்களுக்கும் ஒத்திகை உண்டுதானே, இவர்களுக்கு மட்டும் என்ன தனிக் கணக்கு என்று கேட்கலாம். பரதநாட்டியக் கலைஞரின் கையில் அலாரிப்பு முதல் தில்லானா வரை மார்க்கம் என்ற ஆயத்த உருப்படி வரிசை இருக்கிறது. வகுப்பு நடத்தலாம், மாணவர்களை அரங்கேற்றலாம், டிசம்பர் சீசனில் சபா மேடைகள் கிடைக்கலாம். அவர்களில் பலரும் பாட்டுக்கும் நட்டுவாங்கத்துக்கும் மிருதங்கத்துக்கும் சொந்தப் பணத்தைச் செலவழித்துத்தான் ஆடுகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கலையைச் சுற்றி ஒரு பிழைப்பு வழி உருவாகியிருக்கிறது. நவீன நடனத்துக்கு அது இல்லை. இங்கே ஒவ்வொரு படைப்பும் வெறும் தரையிலிருந்து தொடங்குகிறது. அசைவையும் இசையையும் ஒளியையும் புதிதாகக் கண்டுபிடித்தாக வேண்டும். உழைப்பில் பெரும்பகுதி ஆக்கத்தில்தான் கழிகிறது. அந்தப் பகுதிக்குத்தான் யாரும் பணம் தருவதில்லை.

இது இன்று நேற்றுத் தோன்றிய சிக்கல் அல்ல. இந்திய நவீன நடனத்தின் முன்னோடி உதய் சங்கர் 1930களின் இறுதியில் அல்மோராவில் ஒரு கலை மையத்தைத் தொடங்கினார். பின்னாளில் திரைக்கலைஞர்களாகப் புகழ்பெற்ற குரு தத், சோரா சேகல் போன்றோர் இருந்த அந்த மையம் சில ஆண்டுகளிலேயே நிதியின்றி மூடப்பட்டது. அதன் பிறகு உதய் சங்கர் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' படத்தை எடுத்தார். அது 1948இல் வெளியானது. நடனத்துக்கென ஒரு மையம் நடத்தப் போராடும் கலைஞனின் கதைதான் அந்தப் படம்.

இந்திய நவீன நடனத்தின் பெரும் திருப்பம் நிகழ்ந்ததும் சென்னையில்தான். காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்ற சந்திரலேகா, மும்பையில் 1984இல் நடந்த கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பின் வழியே மேடைக்குத் திரும்பினார். மறுஆண்டு 'அங்கிகா'வில் பரதத்தையும் களரிப்பயிற்றையும் ஒரே தரையில் நிறுத்தினார். 'ஸ்ரீ', 'யந்த்ரா', 'சரீரா' எனத் தொடர்ந்த அவர் படைப்புகள் உலக மேடைகளுக்குப் போயின. 2006இன் கடைசி நாட்களில் அவர் மறைந்தார். அந்த மும்பைச் சந்திப்பை நடத்தியதில் பெரும்பங்கு மாக்ஸ் முல்லர் பவன் என்ற ஜெர்மன் கலாச்சார நிறுவனத்துடையது. சென்னையில் அவருக்கு ஒத்திகைக்கும் மேடைக்கும் இடம் தந்தது பெசன்ட் நகர் கடற்கரையோரம் இருந்த அவருடைய சொந்த வளாகம். இன்றும் நம் நவீன நடனக் கலைஞர்கள் பெரிதும் நம்பியிருப்பது அயல்நாட்டுக் கலாச்சார நிறுவனங்களையும் தனி மனிதர்களின் தயவையும்தான். நம் அரசுகள் இவற்றில் எங்கே இருக்கின்றன?

விருதுப் பட்டியலில் இருக்கின்றன. சந்திரலேகாவுக்கும், சென்னை கிளார்க் பள்ளியின் செவித்திறனற்ற மாணவர்களுடன் படைப்புகளை உருவாக்கிய நவீன நடனக் கலைஞர் அஸ்தாத் தேபூவுக்கும் சங்கீத நாடக அகாதெமி விருதுகள் கிடைத்தன. சால்வையும் பட்டயமும் முதிர்ந்த வயதுக்குப் பெருமை சேர்க்கும். இருபத்தைந்து வயதில் வீட்டு வாடகை கட்ட உதவாது. சட்டத்தின் பார்வையும் குறுகலானது. கலைஞரின் நிகழ்ச்சிக்கு ஜிஎஸ்டி விலக்களிக்கும் விதி, நாட்டார் கலையையும் செவ்வியல் கலையையும் மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வருவாய் குறைவு என்பதால் பெரும்பாலான நவீன நடனக் கலைஞர்கள் அந்த வரிக்குள் வருவதே இல்லை. ஆனால் அரசின் அகராதியில் இவர்களுக்கு இடமில்லை என்பதை அந்த ஒரு விதி காட்டிவிடுகிறது.

விருது வரும் வயதுவரை இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? பள்ளிகளில் நடன வகுப்பு எடுக்கிறார்கள், யோகா சொல்லித் தருகிறார்கள், கம்பெனி விழாக்களுக்கு ஆட்டம் அமைத்துத் தருகிறார்கள். மிச்சமான நேரத்தில் ஒத்திகை. முழங்கால் ஜவ்வு கிழிந்தாலோ முதுகுத்தண்டு பிசகினாலோ மருத்துவச் செலவு சொந்தப் பொறுப்பு. அந்த மாதங்களின் வருமானமும் போய்விடும். இஎஸ்ஐ இல்லை, பிஎஃப் இல்லை. இதே சென்னையில் சினிமா பாட்டில் கூட்டத்தோடு ஆடும் கலைஞருக்குச் சங்கம் இருக்கிறது, பேசி முடிவுசெய்த சம்பளம் இருக்கிறது. நடனத்தை உழைப்பாகக் கருதினால் கூலி நிர்ணயிக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பிற நாடுகள் வழி கண்டிருக்கின்றன. பிரான்சில் பன்னிரண்டு மாதங்களில் 507 மணி நேரம் வேலை செய்த மேடைக் கலைஞருக்கு, வேலையில்லாத நாட்களில் காப்பீட்டுத் தொகை கிடைக்கும். ஊதியம் பெற்ற ஒத்திகையும் அந்தக் கணக்கில் சேரும். அயர்லாந்து 2022இல் இரண்டாயிரம் கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் வழங்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையில் பிறந்த ஷோபனா ஜெயசிங் 1988இல் லண்டனில் தன் நடனக் குழுவைத் தொடங்கி இத்தனை ஆண்டுகள் நடத்த முடிந்ததில், இங்கிலாந்தின் கலை மன்றம் அளித்த பொதுநிதிக்கும் பங்கு உண்டு.

கூத்துக் கலைஞரும் பறையிசைக் கலைஞரும் வறுமையில் வாடும்போது நகரத்து நவீன நடனத்துக்கு எதற்கு மக்கள் பணம் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஒருவர் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவருக்குப் போடச் சொல்லவில்லை. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைத்தபோது, கலைஞரும் தொழிலாளர்தான் என்பதைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அந்தக் கொள்கையை, கூடுதல் நிதியோடு, எல்லா மேடைக் கலைஞர்களுக்கும் நீட்டிக்கக் கேட்கிறோம். அரசுப் பணம் வந்தால் அரசின் கையும் வருமே என்ற அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1982இல் சந்திரலேகா மீதே தேசத்துரோக வழக்கு போடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. அதனால்தான் நிதி பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் விடாமல், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாறும் கலைஞர் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. மாநகராட்சிச் சமுதாயக் கூடங்களும் அரசுப் பள்ளி அரங்குகளும் காலியாகக் கிடக்கும் நேரத்தில், குறைந்த கட்டணத்தில் ஒத்திகைக்குத் திறந்துவிடலாம். இயல் இசை நாடக மன்றம் புதிய படைப்புகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் தொடரும் நிதியை வழங்கி, அதில் ஒத்திகைக் கூலிக்கு ஒரு பங்கைக் கட்டாயமாக்கலாம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் எல்லா வகை நடனக் கலைஞர்களையும் சேர்க்கலாம். விழா நடத்தும் தனியார் அமைப்புகளும் அழைப்புக் கடிதத்திலேயே ஒத்திகை நாட்களுக்கான தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

வரும் நிதிநிலை அறிக்கையில் ஒத்திகைக் கூலிக்கென ஒரு தொகையை ஒதுக்கித் தமிழக அரசு இதைத் தொடங்கி வைக்க வேண்டும். அதற்கு இன்னொரு சந்திரலேகா தோன்றும்வரை காத்திருக்கக் கூடாது.