நிற்கும் வண்டிக்கு எதற்குப் பெட்ரோல்?

மாலையில் நம் பள்ளியின் கடைசி மணி ஒலித்ததும் வாயிலுக்கு வெளியே ஒரு காட்சியை நாள்தோறும் காண்கிறோம். ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் இரண்டொரு கார்களும் வரிசையாக நிற்கின்றன. நிற்கின்றன என்றா சொன்னோம்? சக்கரங்கள்தாம் நிற்கின்றன, என்ஜின்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் புகைக்கு நடுவே முதல் வகுப்புத் தங்கைகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தத்தம் அப்பாவைத் தேடுகிறார்கள். "ஐந்து நிமிடம்தானே, அதற்குள் எதற்கு நிறுத்துவது?" என்பது பெரியவர்கள் கூறும் சமாதானம். அந்த ஐந்து நிமிடத்தில் எரிவது எது? அது எங்கிருந்து வந்தது? எரிந்து எங்கே போகிறது? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதை எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

பெட்ரோல் பூமியிலிருந்து பெட்ரோலாகவே கிடைப்பதில்லை. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மடிந்து, சேற்றில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து கச்சா எண்ணெயாக மாறின. நம் நாட்டின் தேவையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. தமிழ்நாட்டில் அதைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலை சென்னையை அடுத்த மணலியில் உள்ளது. 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்' என்ற பெயரில் 1965ஆம் ஆண்டு உருவான நிறுவனம், 1969இல் அந்த ஆலையை இயக்கத் தொடங்கியது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்.

இத்தகைய ஆலைகளில் கச்சா எண்ணெயை ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, உயரமான கோபுரத்துக்குள் செலுத்துகிறார்கள். ஆவி மேலே ஏற ஏறக் குளிர்கிறது. உச்சியில் சமையல் எரிவாயு, அடுத்து நாப்தா, அதன்கீழ் மண்ணெண்ணெய், பிறகு டீசல், அடியில் தார் என்று தனித்தனியே பிரிகின்றன. நாப்தாவை அப்படியே வண்டியில் ஊற்றினால் என்ஜின் 'டக் டக்' என்று தட்டும். ஆகவே பிளாட்டினம் சேர்ந்த வினையூக்கியின் உதவியால் அதன் மூலக்கூறுகளை மாற்றியமைத்துப் பெட்ரோலில் சேர்க்கிறார்கள். கனமான எண்ணெயையும் உடைத்துப் பெட்ரோலாக்குகிறார்கள். இவற்றோடு, கரும்பு, அரிசி, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலை 20 விழுக்காடு வரை கலக்கும் நிலையை 2025இல் நம் நாடு எட்டியது. ஆக, வாயிலில் வீணாக எரிவதில் நம் உழவரின் வியர்வையும் இருக்கிறது!

இனி என்ஜினுக்குள் நடப்பதைப் பார்ப்போம். 1876இல் ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஆட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு முறையே இன்றும் பெட்ரோல் வண்டிகளில் உள்ளது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுத்தல், அதை அமுக்குதல், மின்பொறியால் எரிந்து பிஸ்டனைத் தள்ளுதல், புகையை வெளியேற்றுதல் என்பவையே அந்த நான்கு. ஓடுகிற காரிலேயே பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தை உருட்டுகிறது. மற்றது வெப்பமாகப் போய்விடுகிறது. நிற்கிற வண்டியிலோ அந்த ஒரு பங்கும் இல்லை!

இன்னொரு வியப்பு: ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவே. அது எரிந்தால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடோ சுமார் 2.3 கிலோ! எடை எப்படிக் கூடியது? நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் எடுத்துச் சேர்த்துக்கொள்வதால்தான். சரிவர எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் வருகிறது.

"இப்போது வருவது சுத்தமான பெட்ரோல்தானே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் கந்தகமும் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. ஆனால், எவ்வளவு சுத்தமான பெட்ரோலும் சும்மா எரிந்தால் வீண்தானே? "நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் செலவு அதிகம்" என்பதும் பழைய நம்பிக்கை. இக்கால என்ஜின்களுக்கு அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் நிறுத்திவிடுவதே சிக்கனம்.

நம் பகுதிக்கு இது புதிய பாடமன்று. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்குச் சோறு போட்டது தோல் தொழில். ஆனால் அதன் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்துகிறவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது கூறியது. பள்ளி வாயிலில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. மாசுபடுத்துகிறவர் ஒருவர், ஈடு கொடுப்பவள் முதல் வகுப்புத் தங்கை. அவள் கொடுப்பது காசன்று, தன் மூச்சை!

பெரியவர்களுக்குப் புத்தி சொல்லும் வயது எங்களுக்கில்லை. அந்த வண்டிகளில் ஏறிச் செல்பவர்களும் நாங்களேதாம். ஆயினும் எங்களுள் ஒருத்தி சென்ற மாதம் துணிந்து, "அப்பா, சாவியைத் திருப்பி நிறுத்துங்களேன்" என்றாள். முதலில் முறைத்த அவர், பிறகு சிரித்துக்கொண்டே நிறுத்தினார். அன்று அந்த ஒரு வண்டி மட்டும் அமைதியாக நின்றது.

அன்புத் தோழியரே! சிறுதுளி பெருவெள்ளம் அல்லவா? அருகில் வீடு உள்ளவர்கள் நடந்தோ மிதிவண்டியிலோ வருவோம். மற்றவர்கள் இன்று மாலையே அப்பாவிடமும் ஆட்டோ அண்ணனிடமும் பணிவாகக் கேட்போம். அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, கடைசி மணிக்குப் பின் நம் வாயிலில் நம் பேச்சும் சிரிப்பும் மட்டுமே கேட்கட்டும்!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி