துறைமுகம் தந்தவனும் சொல் தந்தவனும்

ஒரு நாட்டின்மேல் விழுந்த அடி அனைத்து நாடுகளின்மேலும் விழுந்த அடியாகும் என்று நேட்டோ உடன்படிக்கையைப் பற்றி ஆங்கில நாளிதழ்கள் எழுதுகின்றன. அதைத் தமிழ் நாளிதழ்கள் எழுத்து மாறாமல் பெயர்த்துப் போடுகின்றன. படிப்பவரும் நம்பிவிடுகின்றனர். எங்கோ ஒரு சிறு நாட்டின் எல்லையில் பகைவன் கால் வைத்தால் போதும், மறுநொடியே வல்லரசுகளின் படையெல்லாம் தாமே எழுந்து ஓடிவரும் என்பது அவர்தம் எண்ணம். உரையை மட்டும் புரட்டிவிட்டு நூலையே கற்றதாக மார்தட்டுவாரைப் போன்றவர் இவர். உடன்படிக்கை வரைவோர் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணி இடுபவர். அவர் இட்ட சொல்லை எண்ணி எண்ணியே படித்தல் வேண்டும். அவ்வாறு படிப்பார்க்கு ஒன்று விளங்கும். மெலிய நாடு தரவேண்டியது தீவு, துறைமுகம், நிலம் என அளந்து எழுதப்பட்டிருக்கும். வலிய நாடு தரவேண்டியது வெறுஞ்சொல்லாய் நிற்கும். முன்னது வினைமுற்று, பின்னது வினையெச்சம்.

இதற்கு உலகின் மிகப் பழைய எடுத்துக்காட்டு இங்கிலாந்துக்கும் போர்த்துக்கலுக்கும் உள்ள உறவாகும். 1373-ஆம் ஆண்டு சூன் திங்களில் இலண்டனில் எழுதப்பட்ட உடன்படிக்கை அது. நண்பர்க்கு நண்பராயும் பகைவர்க்குப் பகைவராயும் என்றென்றும் இருப்பதாக இரு நாட்டு மன்னரும் சொல்லுறுதி செய்தனர். அவ்வுறவு முறிக்கப்படாமல் இன்றும் நிற்கின்றது. நிற்பது எவ்வாறு என்பதே வினா.

1661-இல் போர்த்துக்கல் இளவரசி கேத்தரினை இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லசுக்கு மணம் பேசினர். மும்பைத் தீவும் ஆப்பிரிக்கக் கரையில் தாஞ்சியர் துறைமுகமும் சீராகப் பேசப்பட்டன. கைம்மாறாகப் போர்த்துக்கலைக் காப்பதாக இங்கிலாந்து எழுதித் தந்தது. கிழக்கிலுள்ள போர்த்துக்கேயர் உடைமைகளை ஒல்லாந்தரிடமிருந்து காக்கவும் கமுக்கப் பிரிவொன்று வரையப்பட்டது. அவ்வாண்டு இறுதியிலேயே கொல்லம் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது, 1662-இல் கொடுங்கல்லூர், 1663 தொடக்கத்தில் கொச்சி. (பழஞ்சேரர் மண்ணை அயலார் இருவர் தமக்குள் பறித்துக்கொண்ட வழக்கு வேறு, அதற்குத் தனியே தீர்ப்பு உண்டு.) காக்க ஆங்கிலக் கப்பல் ஒன்றேனும் வரவில்லை. மும்பையைப் பெற்றுக்கொள்ள மட்டும் 1662-இலேயே கப்பல்கள் வந்து நின்றன! பெற்ற மும்பையைச் சார்லசு 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கும்பணிக்கு விட்டான்.

இங்கிலாந்து உதவியதே இல்லையோ எனின், உதவியதுண்டு. 1808-இல் நெப்போலியன் படையை எதிர்த்து ஆங்கிலப் படை போர்த்துக்கல்லில் இறங்கியது. நெப்போலியன் இங்கிலாந்துக்கே முதற்பகைவன். தன் வீட்டை நோக்கிவரும் தீயை அடுத்த வீட்டு முற்றத்தில் நின்று அணைத்தவனுக்கு எவ்வளவு நன்றி சொல்வது என்பதைப் போர்த்துக்கேயரே முடிவு செய்து கொள்ளட்டும். அதே இங்கிலாந்து, 1890 சனவரியில், அங்கோலாவுக்கும் மொசாம்பிக்குக்கும் இடைப்பட்ட நிலத்திலிருந்து படையை விலக்குமாறு அதே போர்த்துக்கலுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது. 1898-இல் போர்த்துக்கலின் குடியேற்ற நாடுகளைப் பங்கிட்டுக்கொள்வது பற்றிச் செருமனியோடு கமுக்கமாக உடன்பட்டது. மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. போயர்க்குப் படைக்கலம் மொசாம்பிக்குத் துறைமுகத்தின் வழியே போய்ச் சேராமல் தடுக்கும் தேவை எழுந்தது. உடனே பழைய நட்பு நினைவுக்கு வந்துவிட்டது! பழைய உடன்படிக்கைகள் இன்னும் உயிரோடு இருப்பதாகப் புதிய தாளில் கையெழுத்திட்டனர்.

இரண்டாம் உலகப் போரில் நடந்ததோ இதனினும் தெளிவானது. செருமானிய நீர்மூழ்கிகளை வேட்டையாட அத்துலாந்திக்குக் கடல் நடுவே இங்கிலாந்துக்குத் தளம் வேண்டியிருந்தது. போர்த்துக்கல் நடுநிலை நாடு. ஆயினும் 1373-ஆம் ஆண்டுத் தாளைக் காட்டி அசோர்சு தீவுகளில் இடம் பெற்றனர். 1943 அக்தோபரில் சர்ச்சில் அவ்வுடன்படிக்கையை நாடாளுமன்றத்திலேயே எடுத்துக்காட்டிப் பெருமிதத்தோடு அறிவித்தார். 570 ஆண்டுப் பழந்தாள் மெலியவனைக் கட்டியது.

பதினெட்டு ஆண்டு கழிந்தது. 1961-இல் கோவாவை இந்தியப் படை சூழ்ந்தபோது அதே தாளைப் போர்த்துக்கல் எடுத்து நீட்டியது. பொதுநலவாய நாடொன்றோடு மோதும் நிலையில் தன் கடப்பாட்டுக்கு எல்லை உண்டு என்பதே இலண்டன் தந்த விடை. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தம் கோரிய முன்மொழிவுக்குக் கை தூக்கியதோடு ஆங்கிலேயர் கடமை முடிந்தது. அதையும் சோவியத்து நாடு தன் தடுப்புரிமையால் வீழ்த்தியது. திசம்பர் 19-இல் போர்த்துக்கேயர் அடிபணிந்தனர். 451 ஆண்டு அயலான் பிடியில் கிடந்த மண் மீண்டது அறமே. அதில் இரு கருத்தில்லை. இங்கு எடைபோடப்படுவது கோவா அன்று, தாள். 1943-இல் இரும்பாய் இருந்த தாள் 1961-இல் சருகானது. அதில் ஓரெழுத்தும் மாறவில்லை. நீட்டிய கைதான் மாறியது.

போர்த்துக்கல் நேட்டோவிலும் 1949 முதல் உறுப்பு நாடு. அதுவும் கோவாவுக்கு உதவவில்லை. உதவவேண்டிய கடப்பாடும் இல்லை. ஐரோப்பா, வட அமெரிக்கா, கடகக் கோட்டுக்கு வடக்கேயுள்ள வட அத்துலாந்திக்குத் தீவுகள் என்று அதன் 6-ஆம் பிரிவு வேலி கட்டிவைத்துள்ளது. பிரான்சு பிடித்து வைத்திருந்த அல்சீரியாவை அன்று அவ்வேலிக்குள் பெயர் சொல்லிச் சேர்த்தவர், போர்த்துக்கலின் கோவாவைச் சேர்க்கவில்லை.

இனிப் பெரிதும் முழங்கப்படும் 5-ஆம் பிரிவு. ஒருவர்மேல் தொடுத்த தாக்குதல் அனைவர்மேலும் தொடுத்ததாகக் கருதப்படும் என்கிறது. கருதிய பின் செய்வது என்ன? ஒவ்வொரு நாடும் தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கும். படை ஏவுதலும் அவற்றுள் ஒன்று. முன்னதில் எல்லாரும் கூடிக் கருதுகின்றனர். பின்னதில் அவரவர் தனித்துக் கருதுகின்றனர். பட்டாளம் தேவையென ஒருவர் கருதலாம். மருந்துப் பெட்டி போதுமென இன்னொருவர் கருதலாம். இருவரும் உடன்படிக்கையை மீறியவர் ஆகார். எழுதியவர் கைதவறி நேர்ந்த சொல்லன்று இது. முந்தைய ஆண்டு, 1948-இல், ஐந்து ஐரோப்பிய நாடுகள் பிரசல்சில் எழுதிய உடன்படிக்கையில், தம் ஆற்றலுக்கு உட்பட்ட படையுதவியும் பிற உதவியும் அனைத்தும் தருவதாக அறுதியிட்டுச் சொல்லப்பட்டிருந்தது. அமெரிக்கா உள்ளே வந்ததும் அச்சொல் வெளியே போயிற்று. போர் அறிவிக்கும் உரிமை தம் பேரவைக்கே உரியது என அமெரிக்க மேலவையினர் அழுத்தியதே கரணியம். அப்பிரிவு ஒரே ஒரு முறைதான் நடைமுறைக்கு வந்தது: 2001 செப்தம்பரில் தாக்கப்பட்ட அமெரிக்காவுக்காக! நேட்டோவின் கண்காணிப்பு வானூர்திகள் அமெரிக்க வானில் காவல் பறந்தன.

போலந்துக்காக 1939-இல் இங்கிலாந்தும் பிரான்சும் போர் அறிவிக்கவில்லையா என்று கேட்பார் உளர். அறிவித்தன. செப்தம்பர் 3-இல் அறிவித்த பிரான்சின் படை செருமனியின் சார் நிலப்பகுதிக்குள் சில கல் தொலைவு சென்று திரும்பியது. போலந்து தனியே அழிந்தது. செப்தம்பர் 17-இல் கிழக்கிலிருந்து சோவியத்துப் படையும் நுழைந்தது. ஐரோப்பிய வல்லரசு ஒன்று தாக்கினால் உதவுவதாக ஆகத்து 25-இல் எழுதியிருந்த இங்கிலாந்து, அத்தொடர்க்குச் செருமனி என்பதே பொருள் என்று கமுக்க இணைப்பில் உரை எழுதி வைத்திருந்தது. வெளியே பாட்டு, உள்ளே உரை!

இம்முறையே ஈழத்துக் கரைக்கும் வந்தது. 1947 நவம்பர் 11-இல் பிரித்தானியாவும் இலங்கையும் கொழும்பில் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. இரு நாட்டுக்கும் நலம் பயக்கும் அளவில் ஒன்றுக்கொன்று படையுதவி செய்யும் என்றது அது. அந்நலத்தை அளப்பவர் யாரென்று சொல்லவில்லை. இலங்கை தரவேண்டியவை மட்டும் பெயர் சுட்டி எண்ணப்பட்டன: கடற்படைத் தளங்கள், வான்படைத் தளங்கள், துறைமுகங்கள், தொலைத்தொடர்பு ஏந்துகள். அத்தளங்களுள் தலையாயது திருக்கோணமலை. அம்மண்ணின் தமிழரிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை. வெளிப்பகையைத் தடுப்பதாக எழுதிய அத்தாளில், துறைமுகம் அமைந்த மண்ணின் மக்களைக் கொழும்பு ஆட்சியிடமிருந்து காக்க ஒரு வரியும் இல்லை. 1957-இல்தான் தளங்கள் இலங்கை வசமாயின. 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோதும், 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோதும், பிரித்தானியக் கடற்படை திருக்கோணமலையில்தான் இருந்தது.