பகடி இல்லை, நிஜம்தான்

மும்பை மாட்டுங்காவுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனவன், வீடு பேசி முடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்று மாடிப் பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. காபியை ஆற்றிக்கொண்டே அத்திம்பேர், "மாடி ஆத்து மாமா பிள்ளையோட பெங்களூர் போறார், ஆள் தேடிண்டிருக்கார்" என்றார். சும்மா பார்ப்போமே என்று ஏறினேன். பூப்போட்ட மொசைக் தரை. சமையலறை வாசலில் மட்டும் பூ தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ஐம்பது வருஷம் ஒரு மாமி நின்ற இடம். அங்கேயே விழுந்துவிட்டேன்.

வீடு 'பகடி' முறை. லட்சங்களைக் கொட்டினாலும் காகிதத்தில் நாம் வாடகைக்காரர்தான்; ரசீதில் பெயர் மாற்றக் கட்டட உரிமையாளருக்கும் ஒரு பங்கு. மகாராஷ்டிரத்தின் 1999 வாடகைச் சட்டமே இதை ஏற்கிறது. தமிழில் பகடி என்றால் கேலி. ஊரில் அப்பா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் 1896 பிளேக்குக்குப் பின், காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று வகுத்த பேட்டை மாட்டுங்கா. செம்பூரில் பார்த்துவைத்திருந்த புது ஃபிளாட்டில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த டவரின் ஜன்னல்! இந்தப் பழைய வீட்டில் மழைக்கு முன் ஒழுகலைப் பார்க்க வேண்டும். கதவும், லேசாகத் தூக்கிப் பிடித்தால்தான் திறக்கிறது.