துருவேறிய தகடும் விதியின் வாசகமும்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாயின் வழியே மேகங்கள் இந்தப் பக்கம் புகுந்து, மலைமுகடுகள் கண்ணுக்கு மறைந்துவிட்டால், தென்காசிச் சீமையில் வேறு பேச்சே கிடையாது. குற்றாலத்து ஐந்தருவியில் எல்லாக் கிளைகளிலும் தண்ணீர் விழுகிறதா, பேரருவியில் வெள்ளம் ஆர்ச்சைத் தாண்டிவிட்டதா, பழைய குற்றாலத்தில் கூட்டம் எப்படி என்பவையே அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு எங்கள் உலக விவகாரங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கோடையின் மிச்சத்தில் வெந்துகொண்டிருக்கும் காலத்தில் எங்களுக்கு வாய்க்கும் சாரல் மழையைப் போற்றாதவர் இல்லை, நானும் போற்றுகிறவனே. ஆயினும் அச்சன்புதூர், வடகரை, பண்பொழி முதலிய மலையடிவாரத்து ஊர்களில், தகப்பனார் காலத்து அம்பாஸிடரையோ பியட்டையோ விற்க மனமில்லாமல் கொட்டகையில் வைத்துக் காப்பாற்றி வருகிற குடும்பங்களைக் கேட்டால், அதே சாரலுக்கு இன்னொரு முகமும் உண்டென்பது தெரியவரும்.

அடித்துப் பெய்து ஓய்கிற ஐப்பசி மழையால் காருக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. அது தகட்டைக் கழுவிக்கொண்டு ஓடிவிடுகிறது; பின்னால் வரும் வெயில் ஈரத்தை வாங்கிவிடுகிறது. சாரலோ வாரக்கணக்கில் காற்றிலேயே மிதந்து, கொட்டகைக்குள்ளும் புகுந்து, ரப்பர் விரிப்பின் அடியில் கிடக்கும் சணல் மெத்தையில் ஊறி, கதவின் அடிமடிப்பில் படிந்த புழுதியில் தங்கி, உலராமலே கிடக்கிறது. காரைச் செய்தவர்கள் தண்ணீர் வடிவதற்கென்று கதவுகளின் அடியிலும் டிக்கியின் மூலைகளிலும் சிறு துவாரங்கள் வைத்தே அனுப்பினார்கள். ஆனால் வேப்பஞ்சருகும் தென்னம்பூவும் மண்ணும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடுகின்றன. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமேயுள்ள எஃகுத் தகடு அந்த ஈரத்தோடு எத்தனை ஆண்டுகள் போராடும்? இரும்பு துருவாகும்போது தான் முன்பு இருந்த இடத்தைக் காட்டிலும் சில மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சுபாவம் உடையது. ஆகையால் இரண்டு தகடுகள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட மடிப்புக்குள் துரு உண்டாகிவிட்டால், மரத்தில் இறங்கிய ஆப்பைப்போல அந்த மடிப்பைப் பிளந்துகொண்டே வளர்கிறது. வெளிப்பக்கத்துப் பெயிண்டு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு தூளாகிக்கொண்டிருக்கும். பெயிண்டில் முதல் கொப்புளம் கிளம்பும் நாளில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

அச்சன்புதூரில் அப்படியொரு கொட்டகையில் நின்ற மார்க் டூ அம்பாஸிடரைப் பார்வையிட வந்த, தகட்டு வேலை செய்யும் ஒரு டிங்கரின் வேலையை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். அவர் முதலில் எடுத்தது சுத்தியலை அன்று. சட்டைப் பையிலிருந்த ஒரு காந்தத்தை. பெயிண்டில் கீறல் விழாதபடி அதை ஒரு துணித்துண்டில் சுற்றி, பின்பக்கத்து மட்கார்டின் மேலிருந்து கீழே மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். சக்கர வளைவுக்கு மேல் விடாமல் பற்றிக்கொண்டு வந்த காந்தம், வளைவின் ஓரத்துக்கு வந்ததும் பிடிப்பில்லாமல் கையோடு வந்துவிட்டது. அங்கே இரும்பு இல்லை, இருந்ததெல்லாம் ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டி. உளியின் நுனியால் நெம்பியபோது விரற்கடை கனத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் பழைய தகர ஒட்டு ஒன்று, அந்த ஒட்டுக்கு அடியில் இன்னும் பழைய பட்டி, அதற்கும் உள்ளே அடுக்கடுக்காக உதிரும் செந்துரு. எத்தனையோ கைகள், எத்தனையோ காலங்களில், உள்ளே இருப்பதைப் பார்க்காமல் மூடிவிட்டுப் போயிருந்தன. "தம்பி, வெட்டித்தான் எடுக்கணும். மேல பட்டி பூசுனா ரெண்டு சாரல் தாங்காது, பாத்துக்கிடுங்க" என்று சொந்தக்காரரிடம் அவர் சொன்னார். சொந்தக்காரருக்கு முகம் வாடிவிட்டது. தகப்பனார் தொட்டுத் துடைத்த தகட்டை வெட்டி எறிவதா என்ற வேதனை அவருக்கு. அந்த வேதனை மதிக்கத்தக்கதே. ஆனாலும் டிங்கர் சொன்னதே சரி என்பது என் துணிபு.

ஏனெனில் அம்பாஸிடரும் பியட்டும் தனியான சேஸிஸின்மேல் உடலைத் தூக்கிவைத்துச் செய்த வண்டிகள் அல்ல. அவற்றில் தரைத்தகடும், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித் தகடும், தூண்களும், கூரையும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, அந்தக் கூடே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. பெட்டித் தகடு துருவேறினால் வண்டியின் முதுகெலும்பே துருவேறியதாக அர்த்தம். அதன்மேல் பட்டியைப் பூசி, பெயிண்டு அடித்து, மாலை போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினால், அந்த வண்டி அழகாகவே நிற்கும். அதற்குள் உட்கார்ந்து போகிறவர்களின் உயிருக்கு மட்டும் உத்தரவாதம் இராது.

வெட்டுவதென்று தீர்மானித்துவிட்டால் அங்கே சாமர்த்தியத்தைவிடப் பொறுமையே பெரிதும் வேண்டப்படுகிறது. பெட்டித் தகட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கதவுகளின் திறப்பில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கூடு நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் தன் இடத்தில் பொருந்தாது. இரண்டு பக்கத்தையும் ஒருசேர வெட்டாமல், ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். துருவின் ஓரத்தோடு நிறுத்திவிடாமல், பளிச்சென்ற எஃகு தெரியும்வரை வெட்ட வேண்டும். அதற்கு ஓர் அங்குலம் அதிகமாகவும் வெட்டக் கூடாது. அட்டையில் அளவு எடுத்து, இருபதாம் கேஜ் தகட்டில் அதை வெட்டி, மணல் மூட்டையின்மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டித் தட்டி வளைவை வரவழைக்கிற காட்சியைக் கண்டவர்கள், சிற்பியின் கையிலிருந்து அதைப் பிரித்துப் பேச மாட்டார்கள். புதிய துண்டைப் பழைய தகட்டின்மேல் சார்த்தி ஒட்டினால் அந்த இடுக்கில் மறுபடியும் தண்ணீர் நிற்கும். ஆகவே விளிம்போடு விளிம்பு சேர வைத்து, இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு என்று ஆற விட்டு ஆற விட்டு வெல்டிங் செய்கிறார்கள். அவசரப்பட்டு ஒரே இழுப்பாக வெல்டிங் செய்தால் சூட்டில் தகடு சுருங்கி நெளிந்து, செய்த வேலையெல்லாம் பாழாகும். முடிவில், உள்ளே கண்ணுக்குத் தெரியாத பகுதிகளில் துத்தநாகம் கலந்த பிரைமரும் மெழுகும் பாய்ச்சி, அடைபட்ட துவாரங்களைத் திறந்துவிட்டால், அந்தக் கூடு இன்னொரு தலைமுறை நிற்கும்.

இவ்வளவு சிரமம் வேண்டாத ஒரு கார் நம் சென்னையிலேயே உற்பத்தியானது. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் தயாரித்த ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. உடலோ துண்டு துண்டாகச் செய்து போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. இங்கிலாந்தில் இருந்த மூலக் கம்பெனிக்கு உடற்கூடு செய்து கொடுத்த தொழிற்சாலை 1953 இல் போட்டிக் கம்பெனியின் வசம் போய்விட்டதால், வெவ்வேறு இடங்களில் சிறு சிறு பகுதிகளாகச் செய்து இணைக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு ஏற்பட்டது. அந்த நிர்ப்பந்தமே, அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஸ்பானருடன் வந்து நிற்கும் நம்மவருக்கு அனுகூலமாக முடிந்திருக்கிறது. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் தூக்கிக்கொள்ளும் அந்த வண்டியில், கெட்ட மட்கார்டைக் கழற்றி நல்லதை மாட்டலாம்; வெல்டிங்குக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. நல்லது எங்கே கிடைக்கும் என்பது வேறு கேள்வி. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் நாள் முழுவதும் அலைந்தாலும் கிடைக்காமல் போவதுண்டு.

இனி விதியின் வாசகத்துக்கு வருகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறையை ஏற்படுத்தியது. 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கு அனுமதி கிடையாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பராமரிப்புக்கும் ஓட்டலாம். பழைய வண்டி என்றாலே உடைத்துப் போட வேண்டிய இரும்பு என்று கருதப்பட்டுவந்த நாட்டில், சர்க்கார் அதை ஒரு பாரம்பரியப் பொருளாக முதன்முதலில் அங்கீகரித்தது பாராட்டுக்குரியது. ஆனால் அதே திருத்தத்தில், வண்டி தன் அசல் உருவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும் என்றும், சேஸிஸிலோ உடற்கூட்டிலோ இன்ஜினிலோ மாறுதல் உள்ளிட்ட பெரிய புனரமைப்பு எதற்கும் உட்பட்டிருக்கக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதன் நோக்கம் நல்லதே. பழைய பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு புதுவண்டி கட்டி ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கவே அது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் உளுத்துப்போன பெட்டித் தகட்டை வெட்டி, அதே வடிவில், அதே கனத்தில் வேறு தகடு வைத்தவன் உடற்கூட்டில் மாறுதல் செய்தவனா, உடற்கூட்டைக் காத்தவனா என்ற கேள்விக்கு அந்த வாசகத்தில் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில், ஒவ்வோர் அதிகாரியின் அபிப்பிராயமே சட்டமாகிவிடும். அதைவிட விபரீதம் ஒன்றும் உண்டு: வெட்டி மாற்றினால் கேள்வி வரும், பட்டி பூசினால் வராது என்ற எண்ணம் பரவினால், நாணயமான வேலையை விதியே நிறுத்திவைத்ததாகவும், மூடிமறைக்கும் வேலைக்கு விதியே ஊக்கம் கொடுத்ததாகவும் முடியும்.

இந்த விஷயத்தில் எங்கள் சீமைக்குப் பழைய தெளிவு ஒன்று இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இந்த ஆலயத்துக்குப் பிற்காலத்தில் ஏதேனும் பழுது நேர்ந்து, அதை யார் வந்து சரிசெய்து காப்பாற்றினாலும், அவரை உலகறியத் தான் இப்பொழுதே வணங்குவதாகப் பாட்டாகக் கல்லில் வெட்டிவைத்தான். கட்டினவனே இன்னும் பிறவாத பழுதுபார்ப்பவனின் காலில் விழுகிற அந்தப் பணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. நெடுங்காலம் மொட்டையாக நின்ற அந்தக் கோயிலின் கோபுரம், 1990 ஆம் ஆண்டு ஒன்பது நிலைகளோடு ஏறக்குறைய 180 அடி உயரத்துக்கு மீண்டும் எழுந்து கும்பாபிஷேகம் கண்டது. அடியில் பாண்டியர் காலத்துக் கல், மேலே நம் காலத்துச் சுதை. அது தென்காசிக் கோபுரம் அன்று என்று சொன்னவர் எவரும் இல்லை. கோயிலையும் காரையும் ஒரே தராசில் வைப்பது என் உத்தேசம் அன்று. சிதிலமானதை நீக்கிச் செம்மை செய்வது பழமைக்குத் துரோகமாகாது என்பதை மட்டுமே எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

அதற்காக, எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். வேலை சுலபமாகும் என்பதற்காக நல்ல தகட்டையும் சேர்த்து வெட்டி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். எஃகு மட்கார்டைக் கழற்றிவிட்டு ஃபைபர் மட்கார்டை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கூடு முழுவதையும் இன்னொரு வண்டியிலிருந்து எடுத்து, எண் தகட்டை மட்டும் பெயர்த்து ஒட்டினால், அது பழுதுபார்ப்பும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது. புராதன வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் சென்ற தசாப்தத்தில் டூரின் நகரில் ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. புராதனக் கட்டடங்களுக்காக 1964 இல் வெனிஸில் வகுத்த சாசனத்தைப் பின்பற்றி எழுந்த அதன் சாரம், தலையீடு வேண்டிய அளவுக்கு மேற்படக் கூடாது, செய்தவற்றைப் பதிந்துவைக்க வேண்டும் என்பதே. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைப்பதும், எடுத்த பழைய துண்டை எடைக்குப் போடாமல் அட்டவணை எழுதிக் காப்பதும் நம் டிங்கர் கடைகளில் வழக்கமாகிவிட்டால், அதிகாரிக்கும் சந்தேகம் இராது. சொந்தக்காரரின் மனமும் ஆறும்.

மாற்றுத் தகடு கிடைக்கும் வழிக்கு வருவோம். இங்கிலாந்தில் எம்.ஜி.பி. என்னும் விளையாட்டுக் காரின் உற்பத்தி 1980 இல் நின்றுபோன பிறகு, அதன் தகடுகளை அடித்த அசல் அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988 முதல் முழு உடற்கூட்டையே புதிதாக அடித்து விற்றார்கள். 2014 இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் கடைசி அம்பாஸிடர் இறங்கியபோது, அதன் அச்சுகள் என்ன ஆகும் என்று கவலைப்பட்டவர்கள் மிகச் சிலரே. அச்சு இல்லாத இடத்தில் கை ஒன்றே மிச்சம். அந்தக் கை நம்மிடம் இருக்கிறது. கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் உடல் கட்டுகிற மாநிலம் அல்லவா இது! தகடு தட்டும் வித்தை மட்டும், பட்டறையில் கூட நின்று கற்றுக்கொள்ள இளைஞர் வராமையால், வயதானவர்களோடு நின்றுவிடும் நிலையில் இருக்கிறது. தென்காசி மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்தகைய டிங்கர்களை வாரத்தில் ஒரு நாளாவது அழைத்து, மரச் சுத்தியையும் மணல் மூட்டையையும் மாணவர் கையில் கொடுக்கச் செய்யலாம். அவர்களுக்குப் பட்டம் இல்லையே என்பது ஒரு தடையாக இருக்கலாகாது.

விதியைப் பொறுத்தவரை நான் கேட்பது ஒரு சிறு விளக்கமே: துருவால் அழிந்த தகட்டை, அசல் வடிவத்திலும் அசல் உலோகத்திலும், படங்களோடு கூடிய பதிவேட்டின் ஆதாரத்தோடு மாற்றுவது உடற்கூட்டின் மாறுதலாகக் கருதப்படாது என்று ஒரு வாக்கியம். அதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2021 திருத்தத்தைச் செய்ததுபோலவே அமைச்சகத்தின் அறிவிக்கை ஒன்று போதும்.