வயதின் மேல் பழி போடாதீர்கள்



வயதான நாய் வளர்ப்பவர்கள் நம் இதழுக்கு எழுதும் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் வருகிறது. “வயசாயிடுச்சு, முன்ன மாதிரி ஓடியாடுறதில்லை.” எழுதிவிட்டு, முடி உதிர்கிறது, தடுப்பூசி எப்போது என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த மாதம் அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த நாய்களில் பலவற்றுக்கு இருப்பது மூட்டுவலி. வயதுக்கு வைத்தியம் கிடையாது, வலிக்கு உண்டு.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, மூட்டு வீங்கி, ஓரங்களில் புது எலும்பு முளைத்து, கால் மடங்கி நீளும் அளவு குறைந்துபோவதுதான் இந்த நோய். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களில் இது பல சமயம் குட்டிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்வது அதற்கு முக்கியக் காரணம். முழங்கால் ஜவ்வு கிழிந்த நாய்க்கும் பின்னாளில் வரும்.

நாளைக் காலையில் உங்கள் நாய் படுக்கையிலிருந்து எழுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முன்னங்கால்களை ஊன்றி மேலுடம்பைத் தூக்கிவிடும். பின்னங்கால்கள் உடனே வராது. டைல்ஸ் தரையில் நகம் கீறுகிற சத்தம் கேட்கும். ஒரு கால் வெளிப்பக்கம் வழுக்கும். அதை இழுத்து வைத்து மறுபடி ஊன்றும்போது தொடை நடுங்கும். பத்து எட்டு விறைப்பாக நடந்ததும் நடை இளகிவிடும். “நல்லாத்தானே நடக்குது” என்று நாம் ஏமாறுவது அந்த இடத்தில்தான். மாடிப்படி அடியில் தயங்குவது, காரில் தாவாமல் நம் முகத்தைப் பார்ப்பது, ஒரே மூட்டை ஓயாமல் நக்குவது, இடுப்பில் கை பட்டால் உறுமுவது, இவையெல்லாம் கூட அடையாளங்கள்தான். கத்தவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். நாள்பட்ட வலியில் நாய்கள் பெரும்பாலும் கத்துவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பாவமாக இருக்கிறதே என்று வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து வலி மாத்திரை எடுத்துக் கொடுக்காதீர்கள். இபுப்ரூஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும். சிறுநீரகத்தையும் செயலிழக்க வைக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதால்தான் 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. கழுகுகளுக்குத் தீங்கில்லாத மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்ட மெலாக்சிகாம், நாய்களின் மூட்டுவலிக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிற மருந்து. அதையும் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. எடை பார்த்து, ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகு அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். வேறு நோய்க்கு ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் குடலில் ரத்தக் கசிவு வரலாம்.

மருந்தைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது சோற்றுத் தட்டு. அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஆயுள் முழுக்கக் கவனித்தது. ஜோடியில் ஒன்றுக்கு, மற்றது தின்னும் அளவில் 25 விழுக்காடு குறைத்துக் கொடுத்தார்கள். வேறு வித்தியாசம் எதுவும் வைக்கவில்லை. முடிவு 2002ல் வெளிவந்தது. நிறையத் தின்ற கூட்டத்தில் பாதி நாய்களுக்கு 10.3 வயதிலேயே மூட்டு வைத்தியம் தேவைப்பட்டது. குறைவாகத் தின்ற கூட்டத்தில் அந்த வயது 13.3. ஆயுளும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடியது. எந்த மாத்திரை இதைச் செய்யும்?

நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. காலையில் அப்பா பிஸ்கட், பள்ளியிலிருந்து வந்த பிள்ளை மிக்சர், ராத்திரி பாட்டி நெய்ச்சோறு. பாசத்தில் குறையில்லை, பாரத்தைச் சுமப்பது அந்தத் தேய்ந்த மூட்டு. விலாவைத் தடவிப் பாருங்கள்; அழுத்தாமலே எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் எடை கூடுதல். பெரிய இனக் குட்டிக்கு எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். நல்ல குட்டித் தீவனம் தின்கிற குட்டிக்குக் கூடுதல் கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. நாய் நடமாடும் வழியில் ரப்பர் மேட்டோ சாக்கோ விரியுங்கள். நகத்தைக் குறுக வெட்டுங்கள். மார்கழிக் குளிரில் வெறுந்தரையில் படுக்க விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரையில் ஓடவிட்டு, மற்ற நாள் கட்டிப்போடுவதைவிடத் தினமும் இரண்டு வேளை சிறு நடை நல்லது.

நொண்டுகிற நாய்க்கெல்லாம் மூட்டுத் தேய்மானம் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கும். இளம் நாய் திடீரென்று நொண்டினால் அதையும் சந்தேகிக்க வேண்டும். அதனால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. போகும்முன், நாய் எழுவதையும் நடப்பதையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்துப் பரபரப்பில் அங்கே அது நொண்டாமல் நடந்துவிடும். வீட்டில் எடுத்த வீடியோதான் மருத்துவருக்கு உண்மையைக் காட்டும். இந்த வாரமே எடுங்கள், வாசகர்களே. மருத்துவர் சொன்னதை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்