கடல் தெரியும் கேணி

வாரத்தின் ஐந்து நாட்களைக் கந்தோரும் பாடசாலையும் எடுத்துக்கொள்கின்றன. சனிக்கிழமை உடுப்புத் தோய்ப்பதிலும் வீடு துப்புரவாக்குவதிலும் கழிந்துவிடுகிறது. எஞ்சுவது ஞாயிறு ஒன்றே. அன்று 7 வயது மகளை எங்கேனும் அழைத்துச் செல்வது எங்கள் வீட்டின் எழுதாச் சட்டம். சென்ற ஞாயிறு கீரிமலைக்குப் புறப்பட்டோம்.

காங்கேசன்துறை வீதியில் சுன்னாகமும் தெல்லிப்பழையும் கடந்து மாவிட்டபுரத்தை அண்மியதும், மகளுக்கு அந்த ஊரின் கதையைச் சொன்னேன். குதிரை முகத்தோடு வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி முகம் மாறப் பெற்றாளாம். மா என்றால் குதிரை. அது விட்டு நீங்கிய இடம் மாவிட்டபுரம் ஆயிற்றாம். நன்றி மறவாத இளவரசி அங்கே முருகனுக்குக் கோயிலும் எடுப்பித்தாளாம். மகள் கண் இமையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கீரிமலையை அறிந்தவர்களுக்கு அங்குள்ள இரண்டு கேணிகளையும் நான் வருணிக்க வேண்டியதில்லை. ஆண்கள் கேணி பெரியது. அதில் நின்றபடியே கடலைக் காணலாம். பெண்கள் கேணி சிறியது, சுற்றிலும் மதில். வழக்கம்போல மகள் என்னோடு பெரிய கேணியில் இறங்கினாள். உப்புக் கடலின் ஓரத்திலே நல்ல தண்ணீர் எப்படி வந்தது என்று வினவினாள். மழைநீர் நிலத்துக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே ஓடி வந்து இங்கே ஊறுகிறது என்று விளக்கினேன். என் தோளைப் பற்றிக்கொண்டு அலைகளை எண்ணத் தொடங்கினாள்.

கரையேறியதும் மனைவி மெல்லச் சொன்னாள்: "பிள்ளை வளருகிறாள். அடுத்த முறை என்னோடு குளிக்கட்டும்."

சொன்னதில் பிழையில்லை. என்றாலும் என் நெஞ்சில் ஏதோ ஒன்று கனத்தது. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மாவின் கேணியில் கடல் தெரியாதே. அப்பா, அந்த இளவரசி எந்தக் கேணியில் குளித்தவ?"

நான் வாயடைத்துப் போனேன். ஒரு பெண்ணின் துயரைத் தீர்த்ததால் புகழ் பெற்ற தீர்த்தம் இது. அங்கே கடலைப் பார்த்தபடி நீராடும் வசதி ஆண்களுக்கு மட்டும் வாய்த்திருப்பதை, எத்தனையோ முறை வந்துபோயும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மனைவி சிரித்தாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். அவள் பிறந்ததும் இப்பகுதியிலேதான். 1990ஆம் ஆண்டு போரினால் ஊர் இடம்பெயர்ந்தபோது அவள் கைக்குழந்தை. அதன் பின் பல ஆண்டுகள் இங்கே மக்கள் வர இயலவில்லை. தகப்பனின் தோளைப் பிடித்து அந்தப் பெரிய கேணியில் இறங்கும் பேறு அவளுக்குக் கிட்டாமலே போயிற்று. வழி திறந்து அவள் இங்கு வந்தபோது வளர்ந்த பெண்ணாகிவிட்டாள், மதிலுக்குள்ளேதான் குளித்தாள். இப்போதோ, குளித்து முடிந்ததும் ஈர உடுப்புகளைப் பிழிவதும் பிட்டுப் பொதியை அவிழ்ப்பதும் அவள் வேலையாகிவிடுகின்றன.

"நான் இந்தக் கடலை ஆறுதலாக இருந்து பார்த்ததேயில்லை" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, அதுதான் என்னை அதிகம் சுட்டது.

ஈர உடுப்புகளை நான் வாங்கிக்கொண்டேன். தாயும் மகளும் கரையிலுள்ள கல்லொன்றில் போய் அமர்ந்தார்கள். நான் பிழிந்து, காயவிட்டு, சுடுநீர்ப் போத்தலிலிருந்து தேநீர் வார்த்துக் கொடுத்தேன். ஆடி அமாவாசையன்று தந்தைக்குப் பிதிர்க்கடன் செய்ய நான் வந்து நிற்கும் கரை அது. அன்று வேறொரு கடனின் வட்டியையாவது கட்டிய நிறைவு எனக்கு ஏற்பட்டது.

தாய் தந்தையரே, பெண்பிள்ளை வளர வளர நாம் அவளைச் சுற்றிச் சில மதில்களை எழுப்பவே செய்கிறோம். பாதுகாப்புக்கென்று சில, வழக்கமென்று பல. மதில் வேண்டுமா, வேண்டாமா என்று வழக்காட நான் வரவில்லை. எழுப்பும்போது கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்த முறை மகள் தாயோடுதான் குளிப்பாள். ஆனால், "குளித்து முடிந்ததும் அம்மாவும் நானும் கடல் பார்ப்போம், அப்பா உடுப்புப் பிழியட்டும்" என்று அவள் இப்போதே தீர்ப்புக் கூறிவிட்டாள். மேன்முறையீடு செய்யும் எண்ணம் எனக்கில்லை.